மஸ்டாங் இப்பவே எடுக்கவா, ஒரு வருஷம் பொறுக்கவா? – வண்டி பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி (பீளமேட்டுல இருந்து ஒரு வாசகர்): வணக்கம்ங்ணா. எனக்கு 33 வயசு, கணபதி பக்கம் சின்னதா ஒரு பம்ப் ஸ்பேர் பட்டறை வெச்சிருக்கறேன், அஞ்சு லேத்து ஓடுது. ஸ்கூல் படிக்கறப்ப இருந்தே ஃபோர்டு மஸ்டாங்ங்கற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரு மேல அப்படி ஒரு ஆசைங்ணா. இப்ப பெங்களூர்ல ஒரு 2017 மஸ்டாங் ஜிடி வந்திருக்குது, சிவப்பு கலர், கே.ஏ. நம்பர், ரெண்டாவது ஓனர், 26,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது, 44 லட்சம் கேக்கறாங்க. என் கையில 30 இருக்குதுங்க, மீதி 14க்கு லோன் போட்டுக்கலாம்னு இருக்கறேன். வீட்டுக்காரம்மா "ஒரு வருஷம் பொறுங்க, ஜி.எஸ்.டி. எல்லாம் கொறஞ்சிருக்குது, விலை எறங்கும்"ங்கறா. பிரெண்டு என்னடான்னா "இப்ப விட்டா இந்த வண்டி இனிமே சிக்காதுடா"ங்கறான். புரோக்கர் இந்த வாரத்துக்குள்ள ஒரு லட்சம் டோக்கன் போடச் சொல்றாரு. என்ன பண்ணட்டுங்ணா?

பதில்: தம்பி, முதல்ல அந்த ஒரு லட்சத்த போடாதீங்க. போட்டுட்டீங்கன்னா அப்புறம் வண்டில என்ன கோளாறு தெரிஞ்சாலும் மனசு அத சின்னதா காட்டும், ஏன்னா காசு உள்ள போயிடுச்சு.

உங்க வீட்ல சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 2025 செப்டம்பர் 22ல வரி மாறுச்சு, பெரிய காருக்கு அதுக்கு முன்னாடி ஜி.எஸ்.டி.யும் அது மேல செஸ்ஸுங்கற கூடுதல் வரியும் சேந்து 50 சதவீதம் வரைக்கும் போச்சு, இப்ப 40. புது வண்டி விலை எறங்குனா அதே மாடல் பழசும் எறங்கும், அது சரிதான், ஆனா ஷோரூம்ல புதுசா நிக்கற மாடலுக்குத்தான் அந்தக் கணக்கு. உங்க வண்டி கதை வேற. 2016ல இங்க வந்த அந்த மஸ்டாங் அமெரிக்காவுல மிச்சிகன்ல ஃப்ளாட் ராக் ஃபேக்டரில செஞ்சு முழு வண்டியா கப்பல்ல வந்தது. கம்பெனியே நம்ம ஊர் மாதிரி ஸ்டியரிங் வலது பக்கம் வெச்சு செஞ்சு குடுத்த முதல் தலைமுறை மஸ்டாங் அதுதான், அதனாலதான் நமக்கு கிடைச்சுது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புதுப் புகை விதி வந்துச்சு, 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியால கார் செய்யறத நிறுத்தறோம்னு சொல்லிட்டாங்க, 2022ல மறைமலைநகர்ல கடைசி எக்கோஸ்போர்ட் வெளிய வந்ததோட கதவ சாத்திட்டாங்க. ஆக பக்கத்துல வெச்சு விலை பேச புது மஸ்டாங்குன்னு ஒண்ணு இங்க ஷோரூம்ல இல்ல. 2025 ஜூலைல இங்கிலாந்தோட போட்ட ஒப்பந்தத்துல 100 சதவீதத்துக்கு மேல இருந்த கார் இறக்குமதி வரிய இத்தன வண்டிக்குத்தான்னு ஒரு கணக்கு வெச்சு படிப்படியா 10 சதவீதத்துக்கு கொண்டுவர்றாங்க, நல்ல விஷயம், ஆனா அது இங்கிலாந்துல செஞ்ச காருக்கு, மஸ்டாங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

உங்க பிரெண்டு சொல்ற மாதிரி இனிமே சிக்கவே சிக்காதுங்கறதும் இல்ல தம்பி. இருக்கற வண்டிங்கதான் கை மாறி மாறி வந்துட்டிருக்கு, அவசரமா பணம் தேவைப்படற ஒரு ஓனர் எப்பவும் எங்கயாவது இருப்பாரு. அதனால ஒரு வருஷம் பொறுத்தா விலைல உங்களுக்கு பெரிய லாபமும் வராது, பெரிய நஷ்டமும் வராதுன்னுதான் எனக்குத் தோணுது. இப்பவா அப்புறமாங்கறத நீங்க மார்க்கெட்ட வெச்சுப் பாக்கறீங்க, நான் உங்க பேங்க் புக்க வெச்சுப் பாக்கறேன். வண்டி எடுத்த மறுநாள் காலைல உங்க கையில எவ்ளோ இருக்கும்? ஒண்ணுமே இருக்காது, அது மேல லோன் வேற.

இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா நான் அந்த இடத்துல நின்னிருக்கேன். பன்னெண்டு வருஷம் முன்னாடி கையில இருந்த மொத்தத்தையும் போட்டு ரெண்டு கதவு ஜெர்மன் வண்டி ஒண்ணு எடுத்தேன், கம்பெனி பேரு வேணாம். மூணாவது மாசம் வாட்டர் பம்ப் போச்சு, பம்ப்போட நிக்கல, ஹீட் ஆகி இஞ்சின் ஹெட் வரைக்கும் இழுத்து விட்டுடுச்சு. பார்ட் வெளிநாட்டுல இருந்து வரணும், வர்றதுக்கு பதினோரு வாரம், வந்தப்ப குடுக்க காசு இல்ல, அஞ்சு மாசம் அந்த வண்டி பட்டறை மூலைல தார்ப்பாய் போட்டு நின்னுச்சு, நான் ஈஎம்ஐ மட்டும் தவறாம கட்டிட்டு பஸ்ல ஆபீஸ் போயிட்டு வந்தேன். கடைசில வாங்குனதுல பாதி விலைக்கு குடுத்தேன். வண்டி மேல எனக்கு இன்னிக்கும் கோவம் இல்ல, அது நல்ல வண்டி, அத வெச்சுக்கற அளவுக்கு நான் தயாரா இல்லாமப் போனதுதான் இன்னும் வலிக்குது.

உங்க லோன் கணக்கையே எடுங்க. 14 லட்சம், 12 சதவீத வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம், மாசம் 31,000 சொச்சம் வருது, முடியறப்ப வட்டி மட்டும் 4.7 லட்சம் கிட்ட கட்டியிருப்பீங்க. பழைய இம்போர்ட் வண்டிக்கு பேங்க் இத விட வட்டி கூட போடலாம், வண்டி வயசு பாத்து 5 வருஷம் குடுக்காமலும் போகலாம். ஆர்டர் குறையற மாசம் லேத்து ஓட்டறவங்களுக்கு சம்பளம் குடுப்பீங்களா, மஸ்டாங்குக்கு ஈஎம்ஐ கட்டுவீங்களா? இது உங்களுக்குத்தான் தெரியும், நான் வெளிய நின்னு சொல்ல முடியாது.

ஓட்டற செலவு தனி. 5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இஞ்சின், இங்க வந்ததுல 401 குதிரை சக்தி, ஊருக்குள்ள லிட்டருக்கு அஞ்சு ஆறு கிலோமீட்டர் குடுத்தா பெருசு. ஆயில் மாத்துனா ஏழரை லிட்டருக்கு மேல பிடிக்கும். 19 இன்ச் டயர், நாலும் ஒரே நேரத்துல மாத்தற நிலைமை வந்தா ஒரு நல்ல பைக் விலை. கோயம்புத்தூர்ல கைராசிக்கார மெக்கானிக்குக்கு பஞ்சமே இல்ல, ஒரு புஷ் வேணும்னா நீங்களே லேத்துல கடைஞ்சு போட்டுக்குவீங்க, ஆனா ஹெட்லைட்டையும் ஏர்பேக் மாட்யூலையும் கடைய முடியாது தம்பி, அதுக்கு காத்துக்கிட்டுத்தான் கெடக்கணும். பெட்ரோல் விஷயம் ஒண்ணு, இப்ப பங்க்ல எல்லாம் 20 சதவீதம் எத்தனால், அந்த வருஷத்து வண்டிக்கு ஃபோர்டோட அமெரிக்க மேனுவல் 15 வரைக்கும்தான் சொல்லுது. உடனே இஞ்சின் போயிடும்னு நான் பயமுறுத்தல, ஆனா அந்தப் பெட்ரோல ஊத்தி மாசக்கணக்குல வண்டிய நிறுத்தி வெக்காதீங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும்.

அடுத்தது கே.ஏ. நம்பர். இத யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க, புரோக்கர் சொல்லவே மாட்டாரு. வண்டி நிரந்தரமா கோவைல இருக்கப் போகுதுன்னா பெங்களூர் ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி., அதாவது ஆட்சேபனை இல்லன்னு சான்று வாங்கி 12 மாசத்துக்குள்ள டி.என். நம்பருக்கு மாத்தணும், மாத்தறப்ப நம்ம ஊர் ரோடு டாக்ஸ் திரும்பக் கட்டணும். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 20 லட்சத்துக்கு மேல விலை இருக்கற புது காருக்கு வரி 20 சதவீதம், பழைய வண்டிக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி குறையும், குறைஞ்சாலும் 60 லட்சத்துக்கு மேல வித்த வண்டிங்கறப்ப அது லட்சக்கணக்குல தான் வரும். கர்நாடகால கட்டுனதுல மிச்ச வருஷத்துக்கு ரீஃபண்டு கேக்கலாம், ஆனா அது கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் உங்க காசுதான் நிக்கும். அதனால ஆர்.சி. காப்பிய எடுத்துட்டு போய் உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கணக்கு கேட்டு எழுதி வாங்கிட்டு அப்புறம் விலை பேசுங்க. என்னப் பொறுத்தவரைக்கும் அந்த 44ங்கறது 44 இல்ல.

இன்னொண்ணு, பெங்களூர் வண்டிங்கறதால ரொம்ப கவனமா கேளுங்க. 2022 செப்டம்பர் மழைல அங்க பெரிய பெரிய வில்லா லேஅவுட்டுக்குள்ள எல்லாம் தண்ணி பூந்து ஆடம்பரக் கார்ங்க மேற்கூரை வரைக்கும் முங்கி நின்னுச்சு, டிவில எல்லாரும் பாத்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல சென்னைலயும் அதே கதை. இன்சூரன்ஸ்காரங்க டோட்டல் லாஸ்னு ஒதுக்குன வண்டிங்க ஏலத்துல போயி, கழுவித் தொடச்சு சென்ட் அடிச்சு திரும்ப மார்க்கெட்டுக்கு வரும். ரெண்டாவது ஓனர் எந்த மாசம் எந்த வருஷம் வாங்குனாருன்னு ஆர்.சி.ல பாருங்க. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சுருளுக்குள்ள இருக்கற பாகத்துல சேத்துக் கறை இருந்தா எழுந்து வந்துடுங்க, பேச்சே வேணாம். சீட் ரெயில்ல துரு, டிக்கில மேட்டுக்கு அடில மண்ணு, டேஷ்போர்டு ஓரத்துல ஸ்க்ரூ கழட்டுன தழும்பு, எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. இன்சூரன்ஸ் கம்பெனில க்ளெயிம் ஹிஸ்டரி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, குடுக்க மாட்டேன்னா அதுவே ஒரு பதில்தான்.

26,000 கிலோமீட்டருங்கறத சர்வீஸ் பில்லோட ஒத்துப் பாக்காம நம்பாதீங்க, டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2318னா 2018ல 23வது வாரம் செஞ்ச டயரு, வண்டியோட வந்த டயரே இன்னும் இருந்தா கிலோமீட்டர் உண்மையா இருக்கலாம், ஆனா அந்த டயர் அத்தன வருஷத்துல கல்லாயிருக்கும், மொதல் வேலையா மாத்தணும். வண்டிய லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்க விடறாங்களான்னு கேளுங்க. தரைல இருந்து 14 சென்டிமீட்டர் கூட உயரம் இல்லாத வண்டி, நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொண்ணும் அதோட அடிவயித்துல கையெழுத்து போட்டிருக்கும்.

பாதுகாப்பு பத்தி நீங்க ஒண்ணும் கேக்கல, ஆனா சொல்லாம விட மனசு வரல. 2017 ஆரம்பத்துல காருங்கள மோத விட்டுப் பாக்கற யூரோ என்கேப் டெஸ்ட்ல இந்த மஸ்டாங் அஞ்சு ஸ்டாருக்கு ரெண்டுதான் வாங்குச்சு, அப்புறம் மாத்தி செஞ்ச வண்டி அதே வருஷம் மூணு. பின் சீட்டு பேருக்குத்தான், குழந்தைங்கள பழக்கமா அதுல உக்கார வெக்காதீங்க. பின் சக்கரம் தள்ளற வண்டி, மழைல ஆக்சிலரேட்டர கொஞ்சம் கூட மிதிச்சா பின்னாடி ஆடும். அவினாசி ரோட்டுல 10.1 கிலோமீட்டருக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் வந்திருக்கு, அத ரேஸ் டிராக்கா பாக்காதீங்க, ஓட்டிப் பாக்கணும்னா செட்டிபாளையத்துல கரி ஸ்பீடுவேன்னு ரேஸ் டிராக்கே உங்க ஊர்ல இருக்கு.

என் முடிவு இதுதான். ஆசை நியாயமானது, விட்டுடாதீங்க, ஆனா இந்த மாசம் வேணாம். வண்டி விலையும் ரோடு டாக்ஸும் போக தனியா 6 லட்சமாவது ரிப்பேருக்குன்னு எடுத்து வெச்சிட்டு, லோன் இல்லாம இல்ல ரொம்ப சின்ன லோன்ல எடுக்க முடியற வரைக்கும் பொறுங்க, அது ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ. டி.என். நம்பர்ல வந்தா முதல்ல அதப் பாருங்க. ஆடிலயும் மார்கழிலயும் நம்ம பக்கம் வண்டி எடுக்க யோசிப்பாங்க, அப்ப பழைய வண்டி விக்கற கன்சல்டிங்ல போய் விலை பேசிப் பாருங்க, எறங்கி வருவாங்க. அதுக்குள்ள இந்த வண்டி போயிட்டா போகட்டும் தம்பி. வீட்ல அம்மணிகிட்ட நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க, அவங்க சொன்ன காரணம் வேற, ஆனா முடிவு சரி.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அண்ணாச்சி, பட்ஜெட் 7 லட்சம். ஸ்போர்ட்ஸ் கார்லாம் நமக்கு எட்டாது, வோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ பழசு எடுக்கலாமா, இல்ல காசு சேத்து புதுசா ஏதாவது பாக்கட்டுமா?

பதில்: எடுங்க, இப்பவே எடுங்க, போலோ 2022லயே நின்னு போச்சு, நல்ல கண்டிஷன் வண்டி வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும். ஆனா எந்த போலோங்கறதுதான் விஷயம். டிஎஸ்ஐன்னா டர்போ பெட்ரோல் இஞ்சின், பழைய 1.2 டிஎஸ்ஐல வர்ற 7 கியர் டிஎஸ்ஜிங்கற ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக் ஓட்ட அவ்ளோ சுகம், அதுல கியர மாத்தி விடற மெக்கட்ரானிக்ஸ்னு ஒரு யூனிட் இருக்கு, அது போச்சுன்னா செலவு லட்சத்துல பேசும், வேலை பாத்த பில் கையில இருந்தா மட்டும் அந்தப் பக்கம் போங்க. 2020ல இருந்து வந்த 1.0 டிஎஸ்ஐ 110 குதிரை சக்தி, ஆட்டோமேட்டிக் சாதாரண டார்க் கன்வெர்ட்டர், தலைவலி கம்மி. 6 கியர் மேனுவல் கிடைச்சா கண்ண மூடிட்டு அத எடுங்க, தாமிரபரணி தாண்டி பாபநாசம் ரோட்டுல காலைல ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.

கேள்வி (மதுரைல இருந்து ஒரு அம்மா): தம்பி, என் மகனுக்கு 23 வயசு, சென்னைல வேலைக்குப் போயி எட்டு மாசம் ஆகுது. பழைய ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணு பாத்திருக்கானாம், லோனுக்கு அவங்க அப்பா கையெழுத்து போடணும்ங்கிறான். வேணாம்னா ஒரு வாரமா போன் எடுக்க மாட்டேங்கிறான். பெத்த வயிறு பதறுது. என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, கையெழுத்து போட வேணாம்னு நான் தைரியமா சொல்றேன், கோவம் என் மேல வரட்டும். அவன் கட்டலன்னா பேங்க் அப்பாகிட்டத்தான் வரும். ஆனா வெறுமனே வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த வயசுல அது கதவ சாத்தற மாதிரி இருக்கும். சென்னைக்கு வெளிய இருங்காட்டுக்கோட்டைல 3.7 கிலோமீட்டருக்கு ரேஸ் டிராக் இருக்கு, 1990ல இருந்து ஓடிட்டிருக்கு, அங்க ரேஸ் ஓட்டக் கத்துக் குடுக்கற பயிற்சி நடக்கும், ஹெல்மெட்டும் மாட்டி பக்கத்துல ஆள் நின்னு சொல்லிக் குடுப்பாங்க. லோனுக்கு கட்டப் போற ரெண்டு மூணு மாச ஈஎம்ஐ பணத்த அதுக்குக் கட்டச் சொல்லுங்க, முடிஞ்சா அப்பாவையே முதல் ஃபீஸ் கட்டச் சொல்லுங்க. போன் எடுக்கலன்னா மெசேஜ்ல எழுதி அனுப்புங்க, நீ ஓட்டறதப் பாக்க நாங்களும் வர்றோம்னு.