தம்பியின் தவணையும் பதின்மூன்றாவது பெட்டியும்

கேள்வி: வயது 49. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பிறையில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கிளார்க். இரண்டு ஆண்டுக்கு முன் மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது தெரிந்தது. ரைபோசிக்லிப், லெட்ரோசோல் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். நோய் கட்டுக்குள் இருக்கிறது, வேலைக்கும் போகிறேன். மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டம் போக, ஒரு பெட்டிக்கு 1,700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கையிலிருந்து போகிறது. மருந்தாலேயே கிரெடிட் கார்டில் 9,400 வெள்ளி கடன் ஏறிவிட்டது. தம்பிக்காக என் பெயரில் எடுத்த 20,000 வெள்ளிக் கடனுக்கு எட்டு மாதம் அவன் தவணை கட்டினான். அப்புறம் பதினாறு மாதமாக நான்தான் கட்டுகிறேன். இப்போது வேன் வாங்க இன்னொரு 40,000 எடுத்துத் தரச் சொல்கிறான். "உனக்கு ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் அடைச்சிரும்க்கா" என்கிறான். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி), எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் 3,400, குறிப்பிட்ட தேவைகளுக்கு மட்டும் எடுக்கக்கூடிய செஜாத்தெரா கணக்கில் 14,000 இருக்கிறது. ஃபிளெக்சிபல் பணத்தை எடுத்துத் தங்கச் செயலியில் போடலாமா? மாத்திரைக்கு நடுவே வரும் ஓய்வு வாரத்தை இரண்டு வாரமாக்கினால் பெட்டி கொஞ்சம் கூடுதலாக வருமே என்றும் யோசிக்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிதான் என்னை உலுக்கியது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மூன்று வாரம் ரைபோசிக்லிப் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வு எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கும் உங்கள் மருத்துவர். கார்டு பில் அதை முடிவு செய்யக் கூடாது. ஏற்கெனவே இரண்டொரு தடவை தள்ளிப்போட்டிருந்தால், அடுத்த சந்திப்பில் கூச்சப்படாமல் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, காசுக் கணக்காகவே பார்ப்போம். ஓய்வை இரண்டு வாரமாக்கினால் வருடத்துக்கு 13 பெட்டிக்குப் பதில் பத்தரைப் பெட்டி போதும். மிச்சம் சுமார் 4,400 வெள்ளி. தம்பியின் கடனுக்கு நீங்கள் மாதம் கட்டுவது எவ்வளவு? 20,000 வெள்ளிக்கு நிலையான வட்டி 8 விழுக்காடு, ஐந்து ஆண்டு என்று வைத்தால் வட்டி மட்டும் 8,000. மொத்தம் 28,000. அறுபதால் வகுத்தால் மாதம் 467. வருடத்துக்கு 5,600 வெள்ளி. உங்கள் உடம்புக்குள் போக வேண்டிய மருந்தைக் குறைத்து நீங்கள் மிச்சம் பிடிக்க நினைப்பதைவிட, தம்பிக்குப் போவது அதிகம்.

"மருந்தாலேயே கார்டு கடன் ஏறிவிட்டது" என்கிறீர்கள். இல்லை. பதினாறு மாதமாக நீங்கள் கட்டிய தவணையைக் கூட்டுங்கள்: 7,500 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. சம்பளம் அந்தத் தவணைக்குப் போய்விடுவதால் மருந்தைக் கார்டில் தேய்க்கிறீர்கள். ஸ்டேட்மென்டில் மருந்துக் கடையின் பெயர் வருகிறது, அதனால் மருந்தின் மேல் பழி. 9,400-இல் பெரும்பங்கு உங்கள் தம்பியின் கடன்தான்.

மீதியில் ஒரு பங்குக்கு வேறொரு காரணம் இருக்கிறது. உங்களைப் போன்ற பலர் இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி தீர்வது 28 நாளில். சம்பளம் வருவது மாதத்துக்கு ஒருமுறை. வருடத்தில் 12 சம்பளம், 13 பெட்டி. அந்தப் பதின்மூன்றாவது பெட்டி ஏதோ ஒரு மாதத்தில் இரண்டாவது பெட்டியாக வந்து நிற்கும். அந்த மாதம் தீபாவளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாதம் 142 வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்தால் அந்த அதிர்ச்சி இருக்காது.

நீங்கள் அனுப்பிய பட்டியல்படி, உங்கள் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்ந்து மாதம் கைக்கு வருவது 5,600. வீட்டுக் கடன், மளிகை, பெட்ரோல், மகனின் படிப்பு, மருந்து எல்லாம் போக 620 மிஞ்சுகிறது. அதில் தம்பியின் தவணை 467. மிச்சம் 153. கார்டின் குறைந்தபட்சக் கட்டணமே 470. மாதம் 300-க்கு மேல் துண்டு விழுகிறது. அதையும் கார்டிலேயே போடுகிறீர்கள். 18 விழுக்காடு வட்டியில்.

இந்த நிலையில் இன்னொரு 40,000. ஏழு ஆண்டு, அதே வட்டி என்றால் மாதம் 743 வெள்ளி. அதற்கு மேல் கூட்டல் கழித்தல் தேவையில்லை.

"இன்சூரன்ஸ் அடைச்சிரும்" என்பது தம்பிக்கு யாரோ சொன்ன கதை. கடனோடு ஒட்டி வரும் காப்பீடு பொதுவாக ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொறுப்பேற்காது. படிவத்தில் நோயை மறைத்தால் கோரிக்கை தள்ளுபடியாகலாம். அப்புறம் வங்கி உங்கள் சொத்தின் மேல், அதாவது உங்கள் கணவரும் மகனும் குடியிருக்கும் வீட்டின் மேல் கை வைக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: நீங்கள் சீக்கிரம் போய்விடுவீர்கள் என்ற கணக்கு. 2022-இல் வெளிவந்த மொனாலீசா-2 ஆய்வின் முடிவில், இதே இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்ட, மாதவிடாய் நின்ற பெண்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 64 மாதத்தைத் தாண்டியிருந்தார்கள். உங்களுக்கு எத்தனை மாதம் என்று அது சொல்லாது. ஆனால் நீங்கள் 55 வயதில் இபிஎஃப் கவுண்டர் முன் நிற்பீர்கள் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுகிறேன். நீங்களும் அப்படியே போடுங்கள்.

தங்கச் செயலியா? வேண்டாம். தங்கம் ஏறட்டும், இறங்கட்டும், 28 நாளுக்கு ஒருமுறை காசு கட்ட வேண்டியவருக்கு அது சரிப்படாது. 2024-க்கு 6.30 விழுக்காடு ஈவு கொடுத்த இபிஎஃப்பை விட்டுவிட்டு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நம்பி ஓடுவானேன்? ஃபிளெக்சிபலில் இருக்கும் 3,400 என்பது சரியாக இரண்டு பெட்டி. அதைத் தொடாமல் விடுங்கள். சம்பளம் தாமதமானால் உதவும்.

செஜாத்தெரா வேறு விஷயம். கடும் நோய்ச் சிகிச்சைக்காக அதிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். அந்த நோய்களில் புற்றுநோயும் உண்டு. மருத்துவர் சான்றும் பில்லும் வேண்டும். ஆறு பெட்டிக்கு 10,200 வெள்ளியை அங்கிருந்து எடுங்கள். அந்த ஆறு மாதமும் சம்பளத்தில் மிஞ்சும் 1,700-ஐயும், மேலே சொன்ன 153-ஐயும் அப்படியே கார்டில் கொட்டினால் கார்டு முடிந்துவிடும். 6 விழுக்காடு தரும் இடத்தில் எடுத்து, 18 விழுக்காடு பிடுங்கும் ஓட்டையை அடைக்கிறோம். ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும்தான், மறுக்கவில்லை. அதன் பிறகு மிஞ்சும் 153-இல் பதின்மூன்றாவது பெட்டிக்கு 142 போனால் கையில் 11 வெள்ளி இருக்கும். சில நாள் தே தாரிக் (டீ) குடிக்கக் காணும்.

50 வயதில் செஜாத்தெராவை மொத்தமாக எடுக்கலாம் என்பது உங்கள் தம்பிக்கும் தெரிந்திருக்கும். இப்போதே இபிஎஃப் செயலியைத் திறந்து, வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

இந்த 1,700-ஐயே குறைக்க வழி இருக்கிறதா என்று யாரிடமாவது கேட்டீர்களா? அரசு மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவில் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் வழியைக் கேளுங்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வருமான வரியில் கடும் நோய்க்கு 10,000 வெள்ளி கழிவு உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அதில் பெரிதாக ஒன்றும் தேறாது. உடம்பு முடியாமல் ஒருநாள் வேலையை விட நேர்ந்தால், ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான இலாட் ஓய்வூதியம் பற்றி விசாரியுங்கள்.

தம்பியிடம் "முடியாது" என்று சொல்ல உங்கள் வாய் வராது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதற்கு ஒரு வழி: கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது, பினாங்கிலும் அலுவலகம் உண்டு. கடனையும் கார்டையும் காட்டினால், தவணையைக் குறைக்க வங்கிகளிடம் அவர்கள் பேசுவார்கள். அவர்களுடைய கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்தால் புதுக் கடன் எடுக்க முடியாது. பலருக்கு இந்த விதி கசக்கும். உங்களுக்கு இதுதான் கேடயம். "எடுக்க எனக்கு அனுமதியில்லைடா தம்பி" என்றால் அது பொய்யும் இல்லை. பழைய கடனின் 467-இல் பாதியையாவது மாதா மாதம் உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால், வேன் பற்றிய பேச்சை மறுபடி எடுக்க அவருக்கு முகம் இருக்காது.

20,000 கடன் பற்றிக் கணவருக்குத் தெரியும், கார்டு பற்றித் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். ஏகேபிகே போகும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறுங்கள். ஸ்டேட்மென்ட் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். அக்கரை போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடலாம்.