கங்காணி கதைக்கு 1940 சரிவராது

திருவாரூர்ப் பக்கத்துப் பண்ணையாள் குடும்பம் 1940இல், மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவன் பேச்சை நம்பி அங்கே போகிறதாக நீங்கள் எழுதிய கதையைப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். முதலில் வருஷத்தை மாற்றுங்கள். தோட்டத்துக்கு ஆள் எடுத்து அனுப்புவதை இந்திய அரசு 1938இலேயே நிறுத்திவிட்டது. 1920களின் கடைசிக்குப் போனால் நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ஆட்களை ஏற்றிப் போன ரஜுலா கப்பலும் கிடைக்கும், அது 1926இல் கட்டியது.

அப்புறம் அந்த அழுகை. அம்மா அழுகிறாள், பாட்டி அழுகிறாள், பையன் மட்டும் எதையும் பார்ப்பதே இல்லை. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏறணும். வயலும் வாய்க்காலும் தவிர எதுவும் பார்க்காத பத்து வயசுக்காரனுக்கு அதுவே ஒரு அத்தியாயம். ஏழை பணக்காரன் பேதத்தைப் பண்ணையார் வாயால் வசனமாகச் சொல்ல வேண்டாம், கப்பலே காட்டிக் கொடுக்கும்: காசுள்ளவனுக்கு அறை, இவர்களுக்குத் தளத்தில் பாய். மிராசுதார் மகன் ஒருவனையும் அதே கப்பலில் ஏற்றிவிடுங்கள். ஊரில் அவன் வீட்டுக் கொல்லைப்புறம் தாண்டி இவன் போயிருக்க மாட்டான், கடலில் இரண்டு பேருக்கும் ஒரே வாந்தி. பிள்ளைகள் நிச்சயம் சிரிப்பார்கள். இடம் வேண்டுமென்றால் கதையில் வருகிற வாத்தியார் அறிவுரை சொல்கிற பத்தியைத் தூக்கிவிடுங்கள்.