மலைப்பாதைக்கு எலெக்ட்ரிக் சைக்கிளா, கிராவல் பைக்கா?

கேள்வி: இப்போது ஒரு பழைய ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். மலைப்பாதை ஏற்றங்களில் ரொம்பத் திணறுகிறேன், பாதி தூரம் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அடுத்து எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்குவதா, கிராவல் பைக் வாங்குவதா?

பதில்:

ஏற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த இரண்டில் எது உங்களுக்கு ஏற்றது என்பதை இறக்கம்தான் முடிவு செய்யும். ஏற்றத்தில் சைக்கிள் கைவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் கைவிட்டால் எலும்பு முறியும்.

நான் ஆறு வருடமாகக் கிராவல் பைக், அதாவது சரளைச் சாலைக்கென்று செய்த சைக்கிள், ஓட்டுகிறேன். என் அண்ணன் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆன பிறகு எலெக்ட்ரிக் மவுண்டன் பைக்குக்கு மாறினார். ஒரே பாதையில், ஒரே நாளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டியிருக்கிறோம். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எலெக்ட்ரிக் என்ற சொல் மோட்டார் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. கிராவல் என்ற சொல் சைக்கிளின் உடம்பு எப்படிப்பட்டது என்று சொல்கிறது. அதனால் மோட்டார் வைத்த கிராவல் பைக்கும் கடையில் கிடைக்கும், கடைத்தெருவுக்குப் போய்வரச் செய்த எலெக்ட்ரிக் சைக்கிளும் கிடைக்கும். இந்த இரண்டாவது வகையை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்சக்கர அச்சிலேயே மோட்டார் இருக்கும் வகை நீண்ட செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது சூடேறித் திணறிவிடும். மலைக்கென்று செய்ததில் மோட்டார் பெடல் அச்சைச் சுற்றி நடுவில் இருக்கும். முன்னும் பின்னும் 140 முதல் 160 மி.மீ. வரை சஸ்பென்ஷன், இரண்டரை அங்குல அகல டயர், மொத்த எடை 20 முதல் 25 கிலோ. கிராவல் பைக் 9 முதல் 11 கிலோதான். ரேஸ் சைக்கிள் போல வளைந்த ஹேண்டில்பார், பெரும்பாலும் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 40 முதல் 50 மி.மீ. டயர். நான் இனி எலெக்ட்ரிக் என்று சொல்வதெல்லாம் அந்த மவுண்டன் பைக்கைத்தான்.

சரி, உங்கள் ஏற்றத்துக்கு வருவோம். நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் உயரும் ஒரு மண்பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடை 75 கிலோ, சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 13 கிலோ. மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் அதில் ஏற ஏறக்குறைய 200 வாட் சக்தி வேண்டும். வாரம் தவறாமல் ஓட்டிப் பழகியவர்கள் இதை ஒரு மணி நேரம் தாங்குவார்கள். புதிதாக வருபவரின் கால் 130, 140 வாட்டில் நின்றுவிடும். அப்படியென்றால் வேகம் 5 கி.மீ.க்கு இறங்கும். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 40 பல், பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 42 பல் உள்ள கிராவல் பைக்கில் அந்த வேகத்துக்குப் பெடல் நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுற்றும். இங்கேதான் முழங்கால் கெடுகிறது. நுரையீரலில் இன்னும் மூச்சு இருக்கும், தொடை மட்டும் கல்லாகிவிடும்.

இதையே முன்னால் 38, பின்னால் 51 பல் என்று மாற்றினால் அதே 5 கி.மீ. வேகத்தில் பெடல் 50 சுற்றைத் தாண்டும். பத்து சுற்றுதானே என்று நினைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே ஏறுகிறோமா, இறங்கித் தள்ளுகிறோமா என்ற வித்தியாசம் அதில் இருக்கிறது. உங்கள் திணறலுக்கு மோட்டார் இல்லாதது காரணமா, கியர் சரியில்லாதது காரணமா என்பதை முதலில் பாருங்கள். பழைய ஹைப்ரிட் சைக்கிள்களில் பெரும்பாலும் பின்னால் 32 அல்லது 34 பல்தான் இருக்கும்.

எலெக்ட்ரிக்கில் இந்தக் கணக்கே வேறு. ஐரோப்பியச் சட்டப்படி மோட்டாரின் தொடர்சக்தி, அதாவது விடாமல் தரக்கூடிய சக்தி, அதிகபட்சம் 250 வாட். ஆனால் இன்றைய நல்ல மோட்டார்கள் ஏற்றத்தில் சற்று நேரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலேயே தரும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அதற்கேற்ப அதுவும் சேர்ந்து தள்ளும். முதல் முறை அண்ணன் சைக்கிளில் ஏறி ஒரு செங்குத்தான வளைவில் பெடலை மிதித்தபோது, யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது போலத்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்து போவது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். அண்ணனுக்கு இரண்டு மணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். ஆனால் எவ்வளவு சிரமப்படுவது என்பது அவர் கையில் இருக்கிறது. அறுவை சிகிச்சை ஆன காலுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பிரேக்கை விடாமல், மோட்டார் உதவியைக் குறைந்த நிலையில் வைத்து, சீட்டில் உட்கார்ந்த பிறகு மிதியுங்கள். ஒரு காலைப் பெடலில் வைத்துத் தாவி ஏறும் நம் பழக்கத்தை இதில் காட்டினால், நாம் உட்காருவதற்குள் சைக்கிள் முன்னால் பாய்ந்துவிடும்.

இனி இறக்கம். நாங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் மேலே மூன்று கி.மீ. லாரி போகும் அகலத்துக்குச் சரளைக்கல் சாலை. அதில் கிராவல் பைக் தருகிற சுகத்தை வேறெதுவும் தராது. வண்டி லேசாக மிதக்கும், கையைக் கீழ் வளைவில் வைத்து உடம்பைத் தாழ்த்தினால் வளைவு வளைவாகத் தானே வழுக்கிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு ஒற்றையடிப் பாதை. கைமுட்டி அளவு கற்கள், குறுக்கே வேர்கள், அங்கங்கே முழங்கால் உயரத்துக்குப் படிபோல இறங்கும் பாறை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அதில் ஒரு வேருக்குப் பின்னால் இருந்த கல்லை நான் பார்க்கவில்லை. முன்சக்கர ரிம்மில் 'டங்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி டயர் ஓரத்திலிருந்து சீலண்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) வெள்ளையாகப் பால் போலப் பீச்சி என் முழங்காலில் அடித்தது. நிறுத்த நினைத்தால் விரல்கள் மடங்கவில்லை. பத்து நிமிடமாக விடாமல் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து முன்னங்கை மரத்துப்போயிருந்தது. புதர்ப் பக்கமாகச் சாய்ந்து விழுந்ததால் சிராய்ப்போடு தப்பினேன். ரிம் விளிம்பு நகம் அளவுக்கு உள்ளே மடங்கியிருந்தது. அதே கல்லின் மேல் அண்ணன் ஏறி இறங்கியே வந்திருந்தார். அவருக்குக் கல் இருந்ததே தெரியாது.

அவர் என்னைவிடத் திறமைசாலி என்பதால் இல்லை. அகல டயர், ஃபோர்க்கின் 150 மி.மீ. ஆட்டம், 200 மி.மீ. பிரேக் டிஸ்க், பட்டனை அழுத்தினால் தாழ்ந்துவிடும் சீட், இவைதான் காப்பாற்றின. மோட்டாருக்கு அதில் பங்கே இல்லை. மோட்டார் இல்லாத சாதாரண மவுண்டன் பைக்கும் அங்கே அப்படியேதான் இறங்கியிருக்கும். நீங்கள் கேட்காத இந்த மூன்றாவது வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரிக்கின் கஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. மழைக்குப் பிறகு ஒருநாள் பாதையின் குறுக்கே இடுப்பளவு தடிமனில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. நான் என் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தாண்டிவிட்டேன். அண்ணனுடையதைத் தாண்ட வைக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஈரக் கையில் வழுக்க வழுக்க, மூன்று முறை முயல வேண்டியிருந்தது. தனியாகப் போயிருந்தால் அவர் திரும்பித்தான் வந்திருப்பார். வந்த வழியே திரும்பலாமென்றால் அதற்கும் பேட்டரியில் மிச்சம் இருக்க வேண்டுமே. அவருடைய பேட்டரி 625 வாட்-அவர் (அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு); மோட்டார் உதவியை முழுதாக வைத்தால் மொத்தம் 1200 மீட்டர் உயரம் ஏற்றும். சிக்கனமாக ஓட்டினால் 2000 மீட்டரைத் தொடலாம். குளிர்நாளில் இதுவும் குறையும். கிளம்பும்போது கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்காதீர்கள். எத்தனை மீட்டர் உயரம் ஏறப்போகிறோம் என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்த 23 கிலோ சைக்கிளை ஏற்றத்தில் மிதிப்பதைவிட நடப்பதே மேல்.

சமதளத்தில் இன்னொரு விஷயம் புரியும். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கி.மீ.யிலும், அமெரிக்காவில் முதல் வகுப்பு எனப்படுவதில் 32 கி.மீ.யிலும் மோட்டார் நின்றுவிடும். மலையடிவாரத்து மண்சாலையில் நான் 28ல் ஓட்டும்போது அண்ணன், மோட்டார் உதவியே இல்லாமல், என்னுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எடையை இழுத்துக்கொண்டு வருவார். உங்கள் மலைப்பாதை வீட்டிலிருந்து முப்பது, நாற்பது கி.மீ. தள்ளி இருந்து, அதுவரை மிதித்தே போகப் போகிறீர்கள் என்றால் கிராவல் பைக்தான்.

பாதைக்குள் விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள். அமெரிக்க வனத்துறை நிலங்களில் எலெக்ட்ரிக் சைக்கிள் மோட்டார் வாகனமாகத்தான் கருதப்படுகிறது. மோட்டாருக்கு அனுமதி உள்ள பாதையில் மட்டுமே போகலாம். ஐரோப்பாவில் 250 வாட், 25 கி.மீ. வரம்புக்குள் இருந்தால் அது சட்டப்படி சைக்கிள்தான். விமானத்தில் கொண்டுபோகும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள்: பயணிகள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்குச் சாதாரண வரம்பு 100 வாட்-அவர், சிறப்பு அனுமதியோடு 160. அப்புறம், செயினும் பிரேக் கட்டையும் எலெக்ட்ரிக்கில் சீக்கிரம் தேயும். அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றக் கூடாது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் நான் நின்று காத்திருப்பேன். "நீ போடா, நான் மெதுவா வர்றேன்" என்பார் அண்ணன். சொல்லிவிட்டு அடுத்த வாரம் ஏதாவது காரணம் சொல்லி வரமாட்டார். இப்போது நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே ஏறுகிறோம். மோட்டார் வைத்த சைக்கிளை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உங்களோடு யாராவது வருவதாக இருந்தால், அவருடைய வேகத்தையும் உங்கள் வேகத்தையும் சேர்த்து யோசியுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாதையில் மேலிருந்து கீழே ஒருமுறை நடந்து இறங்குங்கள். பெரும்பகுதி சரளையும் மண்ணுமாக, கார் போகும் அகலத்தில் இருந்தால் 45 மி.மீ.க்குக் குறையாத டியூப்லெஸ் டயரும் பின்னால் 51 பல்லும் உள்ள கிராவல் பைக்கை எடுங்கள். படிப்படியாகப் பாறை, வேர், ஒற்றையடி என்றிருந்தால் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக். ஏறும் உயரம் உங்கள் காலுக்கு மீறியதாக இருந்தால் அதிலேயே மோட்டார் உள்ளதை எடுங்கள். இப்போதுள்ள ஹைப்ரிட் சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிக் கீழே கருத்தில் எழுதுங்கள். ஒரு பல்சக்கரத்தை மாற்றினாலே இந்த வருடத்துக்குப் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.