கேள்வி – பதில்: தட்டு, நாடா, வட்டு

கேள்வி: பரணில் கிடைத்த பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளில் பெரிய வித்வான்கள்கூட ஒரு கீர்த்தனையை மூன்றரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். எல்.பி. என்னும் நீண்ட நேரத் தட்டிலோ ஆலாபனையே அதைவிட நீள்கிறது. மூன்றரை நிமிடம் என்று வரையறுத்தவர் யார்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: யாரும் வரையறுக்கவில்லை, தட்டில் இருந்த இடமே அவ்வளவுதான். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமும், 12 அங்குலத் தட்டில் அதற்கு ஓரிரு நிமிடம் கூடுதலாகவுமே பதிய முடிந்தது. அரக்கோடு கல்தூளைக் கலந்து அழுத்திச் செய்யப்பட்ட அந்தத் தட்டு கனத்த எஃகு ஊசியின் பாரத்தைத் தாங்க வேண்டியிருந்ததால், ஒலிப்பள்ளங்களை அகலமாகவே வெட்ட வேண்டியிருந்தது. ஊசியையும் அடிக்கடி மாற்றாவிட்டால் தட்டு பாழாகிவிடும். ஆகவே பாடகர் ராகத்தைக் கோடிகாட்டிவிட்டுப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று விரைந்தார். உருப்படி நீண்டால் பாதியில் நிறுத்தி மறுபக்கத்தில் தொடர்ந்தார். அந்த நெருக்கடி சில வித்வான்களிடமிருந்து வரவழைத்த கச்சிதம் பிற்கால நீண்ட பதிவுகளில் அரிது என்பது என் எண்ணம்.

உலகெங்கும் தட்டுகளுக்கான அரக்கின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது வினைலின் பயன்பாடு பெருகியது. இரைச்சல் குறைந்த அந்தப் பிளாஸ்டிக்கில் மெல்லிய பள்ளம் வெட்டி, வேகத்தை நிமிடத்துக்கு 33⅓ சுற்றாகக் குறைத்து, 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்த பிறகுதான் ஆலாபனைக்கும் கற்பனாஸ்வரத்துக்கும் தட்டில் இடம் பிறந்தது.

கேள்வி: வி.சி.டி.யில் ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டுகள் தேவைப்பட்டன, டி.வி.டி.யிலோ மூன்று படங்களைச் சேர்த்து விற்றார்கள். வட்டின் அளவு ஒன்றுதானே? (சேலம் வாசகி)

பதில்: சி.டி., டி.வி.டி., அதற்குப் பின் வந்த புளூரே ஆகிய மூன்று வட்டுகளுமே 12 சென்டிமீட்டர்தான், வேறுபாடு தகவல் பதியும் சுருள் தடத்தில் இருக்கிறது. 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டி.வி.டி.யில் அது 0.74, புளூரேயில் 0.32. லேசர் ஒளியின் அலைநீளம் குறையக் குறைய அதன் புள்ளியையும் சிறிதாகக் குவிக்க முடிந்ததால், சி.டி.யின் சுமார் 700 எம்.பி. கொள்ளளவு டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி.யாகவும், புளூரேயில் 25 ஜி.பி.யாகவும் உயர்ந்தது.

வி.சி.டி. என்பது சி.டி.யேதான். பாட்டு சி.டி. சுழலும் அதே வேகத்தில் படத்தையும் படிக்குமாறு எம்.பெக்-1 என்னும் காணொளிச் சுருக்க முறையில் சுருக்கினார்கள். எனவே படத்துக்கும் கிடைத்தது 74 அல்லது 80 நிமிடமே. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டுகள், சில வேளை மூன்று வேண்டியிருந்தன. சண்டைக் காட்சியின் நடுவே எழுந்து வட்டு மாற்றியவர்கள் நம்மில் பலர். அதற்காக, ஒரே டி.வி.டி.யில் மூன்று படங்கள் என்பதைச் சாதனையாகக் கொள்ள வேண்டாம். மிகையாகச் சுருக்கியதன் விளைவை, இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகப் படம் உடையும்போது காணலாம்.

கேள்வி: அப்பாவின் குரல் பதிந்த கேசட்டும், சில சி.டி.க்களும் வைத்திருக்கிறேன். எப்படிக் காப்பது? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: கேசட்டை முதலில் கணினியில் பிரதியெடுங்கள். அதன் பின்விளிம்பில் இருக்கும் இரு சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால், தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைக்க வேண்டாம். சி.டி.யில் அடிப்பக்கக் கீறலைவிட, பெயர் அச்சிட்ட மேற்பக்கக் கீறலே ஆபத்தானது. அலுமினியப் படலம் அங்கே மெல்லிய மேற்பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால், அதன்மீது பந்துமுனைப் பேனாவால் எழுதுவதையும் தவிர்க்கவும்.