மூன்று நாளும் சைக்கிளை முக்கி ஓட்டினால் வேகம் கூடுமா?

வாரம் மூன்று நாள் குழுவோடு மூச்சு வாங்க ஓட்டியும் ஆறு மாதமாக வேகம் அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். உழைப்பில் குறையில்லை, மூன்று நாளும் ஒரே மாதிரி உழைப்பதுதான் சிக்கல். குழுவில் ஒருவர் மேட்டில் எகிறினால் நீங்களும் எகிறுகிறீர்கள். அப்புறம் அவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கிக் கால் ஆறிவிடுகிறது. சீராக நெடுநேரம் அழுத்தும் வேலை அங்கே நடப்பதே இல்லை.

ஒரு குழு நாளை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாலியை ஏன் விட வேண்டும்? இன்னொரு நாள் தனியாக, உடம்பு சூடானதும் 8 நிமிடம் வீதம் நான்கு சுற்று சீராக அழுத்துங்கள், நடுவே 4 நிமிடம் மெதுவாக. அழுத்தும்போது இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச வரக்கூடாது. நான்காவது சுற்றில் வேகம் விழுந்தால், முதல் சுற்றில் ஆசைப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது நாள் கதை பேசிக்கொண்டே போகும் அளவுக்கு மெதுவாக. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. யாராவது முந்தினால் கால் சும்மா இருக்காது.