நம்புவேன் என்பது எதிர்காலம்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் எழுதுபவர் பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: சவூதியில் தம்மாமில் என் கணவர் பார்த்த வேலை போய், அவர் ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட என் வளையல்களை அடகு வைத்தேன். அது அவளுக்குத் தெரியாது. ஜெபிக்க முழங்கால் போட்டால் மனசு கல்லாகக் கிடக்கிறது. முன்பு இருந்த சமாதானமும் இல்லை, கண்ணீரும் இல்லை. பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் ‘கர்த்தரை நம்புகிறேன்’ என்று சொன்னால் அது மாய்மாலம்தானே, டீச்சர்?
– ஒரு சகோதரி, சாத்தான்குளம்

பதில்: அன்புத் தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மாய்மாலம் என்றால், உள்ளே இல்லாததை இருப்பதாகக் காட்டி ஊராரிடம் பெயர் வாங்குவது. நீங்களோ கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத நேரத்தில், கல்லாய்க் கிடக்கிற மனசோடு முழங்கால் போடுகிறீர்கள். அதில் ஏமாந்தவர் யார்? ஐக்கியத்தில் மட்டும் இப்போதைக்குச் சாட்சி சொல்ல ஒத்துக்கொள்ள வேண்டாம். “என்னால் முடியவில்லை, எனக்காக ஜெபியுங்கள்” என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர்கள் நல்லவர்களாக இருந்தால் அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்குக் காலம் காட்டும் இடைநிலைகளை நடத்தும் நாளில் கரும்பலகையில் நான் எப்போதும் ஒரே சொல்லைத்தான் எழுதுவேன். நம்பினேன், நம்புகிறேன், நம்புவேன். ‘இன்’ வந்தால் இறந்தகாலம், ‘கிறு’ வந்தால் நிகழ்காலம், ஒற்றை ‘வ்’ வந்தால் எதிர்காலம். ‘நாளைக்கு மழை பெய்யும்’ என்பதும் எதிர்காலம்தான், ‘நாளைக்குப் பணத்தைத் தந்துவிடுவேன்’ என்பதும் எதிர்காலம்தான். ஆனால் முதலாவது கணிப்பு. இரண்டாவது, சொன்னவரைக் கட்டிப்போடும் வாக்கு. தன்மையில் வரும் ‘வேன்’ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

இப்போது 56ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். பெலிஸ்தர் கையில் தாவீது அகப்பட்டபோது பாடியது என்று அதன் தலைப்பு சொல்கிறது. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்.” பயப்படுகிற என்பது நிகழ்காலம். நம்புவேன் என்பது எதிர்காலம். பயம் போனபிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவருக்குள் இருந்தது பயம்தான். அதை வைத்துக்கொண்டே, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தீர்மானித்துவிட்டார். உங்களால் இன்றைக்கு ‘நம்புகிறேன்’ என்று சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ‘நம்புவேன்’ என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒரு துளியும் இல்லை.

இதை நான் இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியுமாக வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் ஓடியது. மூன்றரை வருஷம். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்திக்கொண்டே ஜெபித்தேன். 2014 ஐப்பசியில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் கோவிலில் எல்லோரும் கீர்த்தனை பாட எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னதெல்லாம் காதில் விழுந்து அப்படியே வெளியே போனது.

அந்த நாட்களில் நான் விடாமல் செய்தது ஒன்றே ஒன்று. நம் பக்கத்தில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததும் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஆறு பேருக்குப் பொங்கிய வீட்டில் அந்தப் பிடி கண்ணுக்கே தெரியாது. ஒருத்திக்குப் பொங்கும்போது தெரிந்தது. என் சாப்பாட்டுக்கு அளந்த அரை ஆழாக்கு ஒரு பக்கம், என் கைப்பிடி ஒரு பக்கம். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. பாசத்தோடு போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சில நாள் கோபத்தோடு போட்டேன். “என்னிடமிருந்து இதையும் எடுத்துக்கொள்ளும்” என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் போட்டேன். ஒன்பதாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் இரண்டாம் சரணத்தில் என் குரல் எனக்கே கேட்டது. ஏன் அன்றைக்கு என்று இதுவரை எனக்குத் தெரியாது.

ஆபகூக் தீர்க்கதரிசி கடைசி அதிகாரத்தில் ‘போனாலும்’ என்ற சொல்லை ஆறு தடவை அடுக்குகிறார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று தொடங்கி, திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுமந்தை என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் என்று முடிக்கிறார். ஒரு விவசாயி வீட்டின் மொத்த வரவும் அதற்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் “மகிழ்ச்சியாயிருப்பேன்”, “களிகூருவேன்” என்ற இரண்டு எதிர்காலங்கள். இழந்ததைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அவர் அந்த இடத்துக்கு வரவில்லை. நீங்களும் ஒரு தாளில் உங்கள் ‘போனாலும்’களை எழுதுங்கள். தம்மாம் வேலை போனாலும். வளையல் மூழ்கிப்போனாலும். எழுதக் கூச்சமாக இருக்கிறதையும் எழுதுங்கள். கீழே ஒரே ஒரு ‘வேன்’ போடுங்கள், அன்றைக்கு உங்களால் முடிந்த அளவில். ‘நாளைக் காலையிலும் முழங்கால் போடுவேன்’ என்பதே போதும்.

டோனாவூர் உங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்தார். குணமாக வேண்டும் என்று எத்தனையோ பேர் ஜெபித்தும் அவர் பழையபடி எழுந்து நடமாடவில்லை. 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் அவருக்குப் படுக்கையறைதான். பிள்ளைகளை அங்கேயே வரவழைத்துப் பேசினார், படுக்கையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார். அவர் கல்லறைமேல் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். முடிந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்வாருங்கள்.

போகிற வழியில் வளையல் விஷயத்தை அவளிடம் சொல்லிவிடுங்கள். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டுக் கணக்கு தெரிய வேண்டும். தெரிந்தால் அவளும் உங்களோடு சேர்ந்து ஜெபிப்பாள். அவளுக்கு மறைத்துக்கொண்டு அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமப்பதுதான் உங்கள் மனசைக் கல்லாக்குகிறது என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: நான் பரம்பரைக் கிறிஸ்தவன். குழந்தையில் ஞானஸ்நானம், 14 வயதில் திடப்படுத்தல். அன்றைக்குப் போட்ட புது வெள்ளைச் சட்டைதான் நினைவில் இருக்கிறது. இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. இந்த விசுவாசம் என்னுடையதா, அப்பா அம்மாவுடையதா? சோதித்துப் பார்க்க நினைத்தாலே பாவம் செய்வதுபோல் இருக்கிறது.
– ஒரு தம்பி, வேளச்சேரி

பதில்: தம்பி, மோசேக்குப் பிறகு இஸ்ரவேலரை நடத்திய யோசுவா சீகேம் என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி, “யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள்” என்றார். இன்றைய தமிழில் தெரிந்துகொள்வது என்றால் அறிந்துகொள்வது. வேதாகமத் தமிழில் அதற்குத் தேர்ந்தெடுப்பது என்று பொருள். வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று அதிகாரம் வைத்தாரே, அந்தத் தெரிதல். ஆராய்ந்து எடு, பிறகு நம்பு. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், “தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்” என்கிறது. அரசன் ஆளைத் தேர்வதற்குச் சொன்னதுதான். ஆனாலும் உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆராயாமல் நம்பினாலும் துன்பம், நம்பியபின் ஓயாமல் சந்தேகப்பட்டாலும் துன்பம். நீங்கள் முதல் துன்பத்தில் இருக்கிறீர்கள். யோசுவா யாரிடம் பேசினார் என்பதையும் பாருங்கள். புறஜாதியாரிடம் இல்லை, செங்கடலைக் கடந்தவர்களின் பிள்ளைகளிடம். பரம்பரை விசுவாசிகளிடம்தான் “இன்று” என்று சொன்னார். சோதித்துப் பார்ப்பது பாவமாக இருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டார்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை உங்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். தாத்தா மிஷனெரி, அப்பா மிஷனெரி டாக்டர். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு, குடும்பத்தார் போன வழியில் போக இஷ்டமே இல்லை. அமெரிக்காவில் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தார். 1890இல் உடம்பு சரியில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர் என்றார் ஐடா. அந்நிய ஆண் உள்ளே வரக்கூடாது என்று மூவருமே திரும்பிப்போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதன்பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கப் போனார். 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது.

நான் இதை எழுதுவது நீங்களும் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. குடும்பத்தின் விசுவாசம் அவர் கையில் ரொம்ப நாளாகவே இருந்தது. வாசலில் ஒருவர் வந்து நின்று, ‘வருகிறாயா, மாட்டாயா’ என்று கேட்ட இரவில்தான் அது அவருடையதா என்ற கேள்வியே எழுந்தது. உங்கள் அறைக்குள் இருந்து எத்தனை யோசித்தாலும் பதில் கிடைக்காது என்று நினைக்கிறேன். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். அப்பாவிடமும் ஐயரிடமும் விளக்கம் கேட்காமல் முதலில் நீங்களே வாசியுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கூடவே, மனுஷர் முகம் பார்த்துச் செய்கிற வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, எதுவானாலும் சரி. ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், கோடு போட்ட இடங்களையும் சேர்த்து.

கேள்வி: “விருப்பத்தையும் செய்கையையும்” தேவனே உண்டாக்குகிறார் என்று பிலிப்பியர் 2:13 சொல்கிறது. அப்படியானால் என் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு?
– ஒரு பெரியவர், நாகர்கோவில்

பதில்: ஐயா, அதற்கு முந்தின வசனம் “பிரயாசப்படுங்கள்” என்கிறது. அந்த நிருபத்தை எழுதிய பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முரண்படுவதாக நினைக்காமல் மேலே போகிறார். எனக்கு இதைப் புரியவைத்தவர் என் அப்பா. என்னை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் என் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார். எழுதியது யார்? விரல் என்னுடையது. நான் விரலை மடக்கிக்கொண்டிருந்தால் எழுத்து வந்திராது. அவர் பிடிக்காமல் இருந்தாலும் வந்திராது. எழுதி முடித்ததும் “எம்பிள்ளை எழுதிட்டா” என்று தெருவெல்லாம் சொன்னாராம். அந்தத் தகப்பனைப்போலத்தான் நம்முடைய தீர்மானத்தைத் தேவன் மதிக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு என் அம்மா, விசுவாசத்தினால் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். தடுத்தால் நான் அவிசுவாசியாம். என்ன செய்ய?
– ஒரு மகள், தூத்துக்குடி

பதில்: கடிதத்தில் எண் இருந்ததால் அன்றைக்கே போன் பண்ணிப் பேசிவிட்டேன். வேறு வீடுகளிலும் இது நடக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். ஊசியை நிறுத்தியவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வாதம் செய்துகொண்டிருக்க நேரம் இல்லை. சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் இன்னும் 15 வருஷம் ஆயுள் தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைச் சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, ராஜாவின் பிளவையின்மேல் (கட்டியின்மேல்) வைக்கச் செய்தார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன. கர்த்தரை நம்புவேன் என்ற தீர்மானத்தையும் ஊசி போட்டுக்கொள்வேன் என்ற தீர்மானத்தையும் ஒரே ஆள் எடுக்கலாம்.

இதைத்தான் அந்த அம்மாவிடமும் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எசேக்கியா எத்தனாவது அதிகாரம், டீச்சர்?” என்று கேட்டார். இரண்டாம் இராஜாக்கள் 20 என்றேன். சாயங்காலம் மகள் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகவும் அம்மா இப்போது அந்த அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.