பாத்ரூம் சுவரில் பெரிய சிலந்தி: மருந்து அடிக்காதீர்கள்

வணக்கம். உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புச் சிலந்தி, வலை இல்லை, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக வட்டமாக எதையோ வைத்திருக்கிறது, வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஹெட்டரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்திக்குப் பொருந்துகின்றன. அந்த வெள்ளை வட்டு முட்டைப்பை, ஆகவே இது பெண். நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைக் கீழே வைக்காமல் சுமந்தே திரியும். போட்டோவைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள்: கண்களுக்குக் கீழே வெளிர் மஞ்சள் பட்டை மீசைபோல ஓடினால் சந்தேகமே வேண்டாம். உடம்பு தட்டை என்பதால் கதவிடுக்கிலும் நுழைந்துவிடும். ராத்திரியில் கரப்பான்களை ஓடிப் பிடித்துத் தின்னும். மருந்தைவிட இது எவ்வளவோ மேல்.

விஷம் உண்டு, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. தானாக வந்து கடிக்காது. கையால் அமுக்கினால் கடிக்கும், வலியும் வீக்கமும் இருக்கும். மேலே ஊர்ந்தாலே கொப்புளம் வரும் என்பது தவறு. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஆரஞ்சு கறுப்பு நிறச் சின்ன வண்டு தோலில் நசுங்கினாலும் அப்படி எரிந்து கொப்புளிக்கும். பழி சிலந்திமேல் விழுகிறது.

குழந்தையை நினைத்துப் பயமாக இருந்தால், வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை நுழைத்து, தோட்டத்து மரத்தடியில் விட்டுவிடுங்கள். கால் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிப்பதற்குள் செய்தால் வேலை சுலபம்.